ஓட்டாஞ்சில்லும் ஒரு சொல்லும்

உடைந்த பானையை வீட்டில் வைத்திருப்பார் இல்லை. ஆயினும் அதன் சில்லுகளுக்கு மொழிகளில் நீண்ட ஆயுள் வாய்த்திருக்கிறது. கிரேக்கர் பானை ஓட்டை 'ஓஸ்ட்ரகோன்' என்றனர். சிப்பி, ஆமை ஆகியவற்றின் ஓட்டுக்கும் அதுவே பெயர். தமிழிலும் பானைக்கும் ஆமைக்கும் மண்டைக்கும் ஓடு என்ற ஒரே சொல்தானே! இலத்தீனின் 'தெஸ்தா' பானை ஓட்டில் தொடங்கி மண்டையோட்டுக்கு ஏறி, இத்தாலிய மொழியில் தலை என்றே ஆகிவிட்டது. சாம்பலில் அமர்ந்த யோபு தம் புண்களைச் சுரண்ட எடுத்த ஓடு, கிரேக்க விவிலியத்தில் ஓஸ்ட்ரகோன். புனித எரோணிமுசின் இலத்தீனில் தெஸ்தா.

ஏதென்சு நகரிலோ அந்தச் சில்லு மனிதரை ஊரைவிட்டே அனுப்பியது. கி.மு. 487இல் முதன்முறையாக இது நிகழ்ந்தது. எழுதுவதற்குரிய பாப்பிரசு எகிப்திலிருந்து வரவேண்டும். சில்லோ தெருவிலேயே கிடந்தது. குடிமக்கள் ஒரு பெயரை அதில் கீறிச் சந்தைத் திடலில் இடுவர். 6,000 சில்லுகளேனும் சேரவேண்டும் என்கிறார் புளூட்டார்க். மிகுதியாகப் பெயர் வந்தவர் பத்து நாளில் வெளியேறி, பத்தாண்டு வெளியே வாழவேண்டும். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, மறுமொழி கூற வாய்ப்பும் இல்லை. (நம் தேர்தல் 'ஓட்டு'க்கும் இந்த ஓட்டுக்கும் ஒலியைத் தவிர உறவில்லை.)

எழுதத் தெரியாத ஒருவன், ஆள் இன்னாரென அறியாமல், அரிஸ்டைடீஸிடமே சில்லை நீட்டி, "அரிஸ்டைடீஸ் என்று எழுதும்" என்றானாம். அவரை எல்லாரும் நீதிமான் என்று சொல்லக் கேட்டுச் சலித்துவிட்டதாம் அவனுக்கு. அவரும் பேசாமல் எழுதிக் கொடுத்தார் என்கிறது புளூட்டார்க் தரும் கதை. கதை கிடக்கட்டும். 1937இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் ஏறத்தாழ 190 சில்லுகள் அகப்பட்டன. அத்தனையிலும் தெமிஸ்டகிளீஸ் பெயர். எழுதிய கைகளோ சிலவே. பிறர் கையில் கொடுப்பதற்கென்றே யாரோ முன்கூட்டி எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

ஓஸ்ட்ரகோனில் பிறந்த 'ஆஸ்ட்ரசிசம்' ஆங்கிலத்தில் இன்று ஒருவரை ஒதுக்கிவைத்தலைக் குறிக்கிறது. சொல் பிழைத்தது, அதன் வரம்புகள் உதிர்ந்துவிட்டன. ஏதென்சில் விலக்கப்பட்டவரின் சொத்துப் பறிபோகவில்லை. தவணை முடிந்ததும் முழுக் குடியுரிமையோடு திரும்பலாம். நம் ஊர்க் கட்டுப்பாட்டில் தள்ளிவைக்கப்படும் குடும்பத்துக்கு அப்படி ஒரு தவணை உண்டா?

அரிஸ்டைடீஸ் பத்தாண்டு காத்திருக்க நேரவில்லை. பாரசீகர் படையெடுத்து வந்தபோது, விலக்கியவர்களை நகரமே திருப்பி அழைத்தது. கி.மு. 480இல், சலாமிஸ் கடற்போருக்கு முந்தின இரவில், பகைவர் கப்பல்கள் சூழ்ந்துகொண்ட செய்தியை அவர் தம் பழைய எதிரி தெமிஸ்டகிளீஸிடம் நேரில் சென்று உரைத்தார் என எழுதுகிறார் ஹெரோடோட்டஸ். சில ஆண்டுகளில் தெமிஸ்டகிளீஸையும் அதே நகரம் சில்லெழுதி வெளியேற்றியது.