முதிரை: நமது பழைய கதவுகளின் கதை



நமது கிழக்கில் பழைய கல்வீடுகள் ஒவ்வொன்றாக உடைபடுகின்றன. புது வீடு கட்டுவது நல்ல விடயம்தான். ஆனால் கழற்றும் கதவும் நிலையும் வளையும் தீராந்தியும் 'பழைய பலகை' என்று கேட்ட விலைக்குப் போய்விடுகின்றன. அவற்றில் பல முதிரை. அந்த மரத்தின் வரலாற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதிரையைச் சிங்களத்தில் 'புருத' என்பார்கள். ஆங்கிலேயர் வைத்த பெயர் 'சாட்டின் வூட்'. சாட்டின் துணி போல மினுங்குவதால் வந்த பெயர் அது. தோடை, எலுமிச்சை, விளா இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். தென்னிந்தியாவிலும் நமது உலர் வலயக் காடுகளிலும் வளர்வது. புதிதாக அறுத்த பலகை பொன் மஞ்சளாக இருக்கும்.

1845 முதல் 1850 வரை இங்கு குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் எமர்சன் டெனன்ட். 1859இல் வெளியான தனது இலங்கை பற்றிய நூலில், மட்டக்களப்பு, திருகோணமலைக் காடுகள் இந்த மரத்தால் நிறைந்திருந்தன என்று எழுதுகிறார். பாரம் அதிகம் என்பதால் ஆற்றங்கரை மரங்களையே வெட்டி, ஆற்று வழியே கடற்கரைக்குக் கொண்டுவந்தார்களாம். கிழக்கு மாகாண வீடுகள் எல்லாமே இந்த மரத்தால்தான் கட்டப்பட்டன என்றும் சொல்கிறார். நம் மூத்தாப்பாமாருக்கு இது ஆடம்பர மரமல்ல, கைக்கெட்டிய மரம்.

வெளிநாட்டில் இதன் மதிப்பு வேறு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் பணக்காரரிடையே மஞ்சள் மரத் தளபாட மோகம் பரவியது. முதலில் மேற்கிந்தியத் தீவுகளின் மரம் போனது, பிறகு நமது பக்கத்து மரமும் போனது.

மலைநாட்டுக்கும் முதிரை போனது. பேராதனையில் மகாவலி கங்கைக்கு மேல் 1833இல் திறக்கப்பட்ட பாலம் முக்கியமாக முதிரையால் ஆனது. கட்டியவர் லெப்டினன்ட் கேர்ணல் ஜோன் பிரேசர். நடுவில் தூண் இல்லாமல் ஒரே வளைவாக 205 அடி அகலத்தைக் கடந்தது. 1905இல் அதை அகற்றி இரும்புப் பாலம் போட்டார்கள். வெயிலிலும் மழையிலும் 70 வருடங்களுக்கு மேல் நின்றிருக்கிறது.

இந்த மரத்தோடு வேலை செய்வது லேசல்ல. நார் ஒரு படை ஒரு பக்கமும் அடுத்த படை மறுபக்கமுமாக ஓடும். அதனால் சீவுளி போடும்போது பிய்ந்து வரும். உளி சீக்கிரம் மழுங்கும். துளை போடாமல் ஆணி அடித்தால் மரம் வெடிக்கும். தூள் பட்டால் சிலருக்குத் தோல் கடித்துத் தடிக்கும். இத்தனையையும் கைக்கருவியால் சமாளித்த ஓடாவிமாரின் உழைப்புத்தான் நமது பழைய கதவுகள்.

இன்று நிலைமை என்ன? முதிரை மெதுவாக வளரும் மரம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998இல் இதை அழிவாபத்துள்ள மரங்களின் பட்டியலில் சேர்த்தது. காட்டில் களவாக வெட்டுவது இன்னும் நிற்கவில்லை. மரக்காலையில் கிடைத்தாலும் சாதாரண குடும்பத்தால் வாங்க முடியாத விலை. இன்று ஒரு கன்று நட்டால், அதில் கதவு செய்ய நமது பேரப்பிள்ளைகள்கூட காத்திருக்க வேண்டும்.

ஆகவே நமது வேண்டுகோள் இதுதான். வீடு உடைக்க முன் ஓடாவி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மேலே கறுத்திருந்தாலும் ஓர் ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள், மஞ்சள் தெரியும். கதவு புது வீட்டு அளவுக்குச் சரிவராவிட்டால் மேசையாக, வாங்காக, பிள்ளைகளின் கிதாபு அலுமாரியாக மாற்றலாம். அதற்கும் முடியாதென்றால், பள்ளிவாசலுக்கோ பாடசாலைக்கோ தேவையா என்று கேட்டுவிட்டு, விற்பதைப் பிறகு யோசியுங்கள்.