அப்பன் தொழிலும் ஆர்டுயினோவும்

பள்ளிக்கூடத்தில் ரோபாட்டிக்ஸ், 'செய்து பார்த்துக் கற்றல்' என்றெல்லாம் பேசும்போது இது ஏதோ நேற்று வந்த சங்கதி மாதிரி தோணும். ஆனா வகுப்பறைக்குள் கைவேலை வரலாமா என்ற கேள்விக்கு ஒரு மாநில அரசையே ஆட்டிப் பார்த்த வரலாறு நம்மகிட்ட இருக்கு. அதில் தஞ்சைக்கும் பங்கு உண்டு.

1937இல் காந்தி வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் பள்ளிக்குள்ளேயே இருந்தது. நூற்பு என்றால் எல்லாப் பிள்ளைக்கும் நூற்பு. 1953இல் முதல்வர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டம் வேறு. பள்ளி தினம் மூன்று மணி நேரம்தான், ஷிப்ட் முறையில். மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும். கட்டடமும் வாத்தியாரும் பத்தாத காலத்தில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம், உழைப்புக்கும் மரியாதை வரும் என்பது அரசின் வாதம்.

இதை டெல்டாவில் வைத்துப் பாருங்க. அதே ராஜாஜி அரசுதான் 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பண்ணையாளை நினைச்சபடி வெளியேற்ற முடியாதபடி ஒரு காப்பு. அடுத்த வருஷமே அந்தப் பண்ணையாளின் மகனுக்கு 'அப்பா தொழிலைக் கத்துக்கோ' என்றால் என்ன அர்த்தம்? மறுபடி அதே வயல், அதே சேறு. மிராசுதார் வீட்டுப் பையனுக்கு அந்த நேரத்தில் என்ன பாடம்?

எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர் 'குலக்கல்வி'. அந்தப் பெயரே பாதி வேலையை முடிச்சிடுச்சு. 1954இல் திராவிடர் கழகத்தின் எதிர்ப்புப் படை ஒன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்திலிருந்த நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு நடந்தே கிளம்பியது. அந்த ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் முதல்வரானார். மே மாதம் திட்டம் வாபஸ்.

திட்டம் போனது நல்லதுதான். கூடவே ஒரு சந்தேகமும் ஒட்டிக்கொண்டது: ஏழைப் பிள்ளைக்குக் கைவேலை சொல்லிக்கொடுத்தால் அதில் ஏதோ உள்நோக்கம் இருக்கு. 'படிக்கிற பிள்ளை கையில் மண் படக் கூடாது' என்று வீட்டில் சொல்வது வெறும் செல்லம் இல்லை.

இப்போ மறுபடி கைவேலை வகுப்பறைக்குள் வருது. 2016இல் தொடங்கிய அடல் திட்டம் ஒரு டிங்கரிங் ஆய்வகத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல் சோதனைகளைக் கொண்டுபோகுது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: ஆர்டுயினோ போர்டு எந்தச் சாதிக்கும் குலத்தொழில் கிடையாது. யார் அப்பாவும் அதைப் பரம்பரையாகச் செய்யவில்லை.

ஆனா கிட் பீரோவில் பூட்டியே கிடந்தாலோ, தனியார் பள்ளியில் தனிக் கட்டணம் கட்டுபவருக்கு மட்டும் என்றாலோ, பழைய பிரிவினை புது ஒயரோடு திரும்பிடும்.

மேட்டூர்த் தண்ணி எப்போ வரும், வயலில் ஈரம் எவ்வளவு இருக்கு என்பது டெல்டாவில் எல்லா வீட்டுப் பேச்சு. விவசாயக் கூலியின் மகள் ஈரப்பத சென்சார் ஒன்றைத் தானே கோர்த்து அதே வயலில் நட்டுப் பார்க்கலாம். 1953 அவளை அந்த வயலுக்கு வேலைக்கு அனுப்பப் பார்த்தது. இன்றைக்கு அவள் அங்கே கேள்வியோடு போக முடியும்.