மதுரையிலிருந்து கீழ்ப்பாக்கம் எவ்வளவு தூரம்?

பதினைந்து வயதுப் பையன் திடீரெனப் பள்ளிக்கூடம் போக மறுக்கிறான். ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறான், பெற்றவர்களிடம் எரிந்து விழுகிறான். ஒரு தலைமுறைக்கு முன்னால் மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இதற்கு இரண்டு காரணங்கள்தான் சொல்வார்கள்: சேர்க்கை சரியில்லை, அல்லது காத்துக் கருப்பு அண்டிவிட்டது. முதலாவதற்குப் பிரம்பு, இரண்டாவதற்குக் கோடாங்கி. பெண்பிள்ளை என்றால், கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள்.

வீட்டாருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. போக இடம்தான் இல்லை.

மனநலத்துக்கென்று அரசு நடத்திய பெரிய மருத்துவமனை சென்னையில் இருந்தது. 1794இல் ஆங்கிலேயர் காலத்தில் காப்பகமாகத் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது அது. மதுரையிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல். தூரத்தைவிட அச்சமே பெரிது. கீழ்ப்பாக்கம் போய்வந்த பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் யார் சம்பந்தம் செய்வார்கள்?

அதனால் குடும்பங்கள் மேலமடை பாண்டி கோயிலுக்கும், திருச்சிப் பக்கம் குணசீலத்துக்கும், கீழக்கரை அருகே ஏர்வாடி தர்காவுக்கும் போயின. அங்கே யாரும் பிள்ளையைக் கேலியாகப் பார்க்கவில்லை. தாயும் தகப்பனும் கூடவே தங்க முடிந்தது. அந்த ஆறுதல் பெரிது. ஆனால் மருந்து கிடைக்கவில்லை.

1982இல் மத்திய அரசு தேசிய மனநலத் திட்டத்தை அறிவித்தது. அது மாவட்டங்களை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில், 1992இல், மதுரையில் மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைத் தொடங்கினார். சிகிச்சையோடு மறுவாழ்வும் உள்ளூரிலேயே கிடைக்க வழி பிறந்தது.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. திருச்சியில் 1997இல் தொடங்கியிருந்த மாவட்ட மனநலத் திட்டம் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் வந்தது. பின்னாளில் ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. பக்தியைப் பழிக்காமல் அதன் பக்கத்திலேயே மருத்துவரை உட்கார வைத்தது நல்ல முடிவு.

இந்த மாற்றங்களெல்லாம் பெரும்பாலும் பெரியவர்களை மனத்தில் வைத்து நடந்தவை. ஆனால் மனநோய்களில் ஏறக்குறைய பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். சங்கிலி வரை போன பலரின் கதை எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ தொடங்கியிருக்கக்கூடும். அப்போது அதைச் சேட்டை என்றும் திமிர் என்றும் சொல்லி அடித்திருப்பார்கள்.

வளரிளம் பருவத்தினருக்கு முதலில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தவை பரீட்சைச் சீர்திருத்தங்கள். தேர்வு முடிவு வரும் நாள் தமிழ்நாட்டு வீடுகளில் திகில் நாளாக இருந்தது. தோற்ற பிள்ளைகளில் சிலர் உயிரையே விட்டார்கள். தோற்றவர்கள் ஒரு வருடம் வீணாகாமல் சில வாரங்களிலேயே மறுதேர்வு எழுத இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வழி செய்யப்பட்டது. 2017இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அதே ஆண்டு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதற்குத் தடை விதித்தது.

தொலைபேசியிலேயே ஆலோசனை பெற 2013இன் இறுதியில் 104 உதவி எண் வந்தது. 2022 அக்டோபரில் மனநலத்துக்கென்றே 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் சேர்ந்தது. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கும் பிள்ளை கீழ்ப்பாக்கம் போக வேண்டியதில்லை. இரண்டுமே கட்டணமில்லாத எண்கள். இனி குறைய வேண்டிய தூரம், பிள்ளையின் மாற்றத்தை வீடு கவனிக்கும் நாளுக்கும் ஆலோசகரிடம் பேசும் நாளுக்கும் இடையில் இருக்கிறது. அதைக் குறைக்க, பிள்ளையைத் தினமும் பார்க்கும் வகுப்பாசிரியருக்குப் பயிற்சியும், ஒவ்வொரு பள்ளிக்கும் நிரந்தர ஆலோசகரும் வேண்டும்.