ஆர்.வி. பயணத்தில் இணைய வசதி

அமெரிக்காவில் ஆர்.வி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது, படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டி. நம் ஊர்ப் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே அது ஓய்வுபெற்ற தம்பதிகளின் நடமாடும் வீடு. 2020 பெருந்தொற்றுக்குப் பிறகு, எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்றானவர்களின் அலுவலகமும்கூட. இரண்டு வாரச் சுற்றுலா போகிறவர் இணையம் இல்லாமல் சமாளித்துக்கொள்வார். வண்டியையே வீடாக்கிக்கொண்டவருக்கோ சம்பளம், வங்கிக் கணக்கு, மருத்துவர் ஆலோசனை, காட்டுத்தீ எச்சரிக்கை எல்லாம் இணையத்தின் வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

நிலையான வீட்டில் ஒரே கம்பி இணைப்பை நம்பி வருடக்கணக்கில் இருந்துவிடலாம். வண்டி இன்று பைன் காட்டில் நிற்கும், நாளை பாலைவனத்தில் நிற்கும். இடத்துக்கு இடம் இணைப்பு அறுபடும் காரணமும் மாறும். எனவே எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்வி இங்கே பாதிக் கேள்விதான். ஒன்று செயலிழக்கும்போது, அதே காரணத்தால் செயலிழக்காத இன்னொன்று வண்டியில் இருக்கிறதா என்பதே நம்பகத்தைத் தீர்மானிக்கிறது. இந்தத் துறையின் பெரும்பாலான அறிவுரைகளை இந்த ஒரு கேள்வியால் எடைபோட்டுவிடலாம்.

பொதுத் தொலைபேசி முதல் கூரை டிஷ் வரை

பயணத்தில் இருந்தபடியே கணினி வலையமைப்போடு தொடர்புகொள்ளும் பழக்கம் உலகளாவிய வலைக்கும் முந்தையது. 1983இல் ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற எழுத்தாளர் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து சாய்வு மிதிவண்டி ஒன்றில் கிளம்பினார். டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற மடிக்கணினியைச் சாலையோரப் பொதுத் தொலைபேசிகளோடு இணைத்து, கம்ப்யூசர்வ் சேவை வழியாக எழுதி அனுப்பிக்கொண்டே பல ஆயிரம் மைல் போனார். மிதிவண்டிக்கு அவர் வைத்த பெயர் வின்னபைக்கோ, ஆர்.வி. தயாரிப்பாளரான வின்னபேகோவை நினைவூட்டும் பெயர்.

1990களின் இறுதியில் ஆர்.வி.காரர்களிடையே பரவிய கருவி பாக்கெட்மெயில். கையடக்கமான அந்தப் பெட்டியில் கடிதத்தைத் தட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பொதுத் தொலைபேசியில் கட்டணமில்லா எண்ணை அழைத்து, பெட்டியின் முதுகில் மடிந்திருக்கும் ஒலிப்பகுதியை விரித்து, ரிசீவரை அதன்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கீச்சுக் கீச்சென்ற ஒலிகளாக மின்னஞ்சல் போகும், வரும். படங்கள் கிடையாது, வலைத்தளம் கிடையாது. ஆனாலும் பேரக்குழந்தை பிறந்த செய்தி அன்றே வந்து சேர்ந்தது. அந்தத் தலைமுறைக்கு அது சாதாரண விஷயமல்ல.

2000களில் வசதியுள்ளவர்கள் கூரையில் டிஷ் வைத்தார்கள். மோட்டோசாட் நிறுவனத்தின் டேட்டாஸ்டார்ம், பொத்தானை அழுத்தினால் படுத்த நிலையிலிருந்து எழுந்து, தென்வானில் நிற்கும் செயற்கைக்கோளைத் தானே தேடிப் பிடிக்கும். அந்தச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பவை. அவற்றின் வழியாக ஒரு கேள்வி போய்ப் பதில் வந்து சேர அரை விநாடிக்கு மேல் ஆகும். மின்னஞ்சலுக்கு அது போதும். இருவர் மாறி மாறிப் பேசுவது கடினம்.

கைப்பேசி வலையமைப்பு

இன்றும் பெரும்பாலோரின் முதல் வழி கைப்பேசி டவர்தான். வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் என்ற மூன்று நிறுவனங்களே நாடு தழுவிய பெரிய வலையமைப்புகளை வைத்திருக்கின்றன. நான்காவதாக இருந்த ஸ்பிரின்ட் 2020 ஏப்ரலில் டி-மொபைலோடு இணைந்துவிட்டது. பழைய 3ஜி சேவைகள் 2022 முடிவதற்குள் மூடப்பட்டதால், அந்தக் காலத்து மோடம்கள் இப்போது வெறும் பெட்டிகள்.

ஊருக்கு வெளியே தங்குகிறவர் கவனிக்க வேண்டியது அலைவரிசை. குறைந்த அதிர்வெண் தொலைவாகப் போகும், மரங்களையும் சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். டி-மொபைலின் 600 மெகாஹெர்ட்ஸும், மற்ற இருவரின் 700 மெகாஹெர்ட்ஸும் கிராமப்புறத்தைத் தாங்குவது இதனால்தான். 2.5 கிகாஹெர்ட்ஸ், 3.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சி-பேண்ட் ஆகியவை வேகத்தை அள்ளித் தரும். ஆனால் அவற்றின் எல்லை குறுகியது. விளம்பரத்தில் வரும் 5ஜி வேகம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ரூட்டர் வாங்கும்போது 5ஜி என்ற எழுத்தைவிட, குறைந்த அலைவரிசைகள் எல்லாம் அதில் உண்டா என்று பார்ப்பது மேல்.

திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப முடியாது. கைப்பேசியின் சோதனைத் திரையிலோ ரூட்டரின் பக்கத்திலோ காட்டப்படும் எண்கள்தான் உண்மை பேசும். சிக்னல் வலிமை மைனஸ் 85 டிபிஎம் என்றால் நல்ல நிலை. மைனஸ் 115 என்றால் தள்ளாடும் நிலை. அதைவிட முக்கியம், இரைச்சலுக்கும் குறுக்கீட்டுக்கும் மேலே சிக்னல் எவ்வளவு தலைதூக்கி நிற்கிறது என்ற அளவு. வலிமை குறைந்தாலும் இந்த அளவு நன்றாக இருந்தால் காணொளி அழைப்பு ஓடும்.

எண்கள் எல்லாம் நன்றாக இருந்தும் எதுவும் ஓடாத நிலையும் உண்டு. அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் அதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் பாலைவனச் சிற்றூர் அது. நில மேலாண்மைப் பணியகம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சுற்றுவட்டாரப் பொது நிலத்தில் நீண்ட நாள் தங்க அனுமதிக்கிறது, ஜனவரியில் ஆர்.வி. கண்காட்சியும் நடக்கும். அப்போது கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டிகள்தான். டவர் பக்கத்திலேயே நிற்கும், கோடுகள் முழுதாக இருக்கும், மின்னஞ்சல் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். விடிவதற்கு முன் எழுந்து பார்த்தால் அதே டவரில் பெரிய கோப்புகூட இறங்கிவிடும். இது சிக்னல் குறைபாடல்ல, நெரிசல். எந்த ஆன்டெனாவாலும் இதைத் தீர்க்க முடியாது.

நெரிசலில் யாருக்கு முன்னுரிமை என்பதைத் திட்டத்தின் பொடி எழுத்து சொல்லும். "அன்லிமிடெட்" என்று விற்கப்படும் பல திட்டங்களில் கைப்பேசியின் சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் எல்லையில்லை. ஹாட்ஸ்பாட் டேட்டா குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகம் வெகுவாகக் குறைக்கப்படும். மலிவான திட்டங்களுக்கு வரிசையில் கடைசி இடம். வீட்டு முகவரியோடு கட்டப்பட்ட இணைப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது, நடக்கும்வரை நடக்கும். நிறுவனம் கண்டுபிடித்தால் நின்றுவிடும். அதை நம்பி வேலையை ஒப்புக்கொள்வது விவேகமில்லை.

இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்திருந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவுக்குச் சரிதான், ஒருவர் எட்டாத பள்ளத்தாக்கில் மற்றவர் எட்டலாம். ஆனால் டவர் நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்த ஒரே கோபுரத்தில் இருவரின் ஆன்டெனாக்களும் இருப்பது சகஜம். தொலைவான ஊர்களில் அந்தக் கோபுரத்துக்கு வரும் ஃபைபர் கம்பியும் ஒன்றாகவே இருக்கக்கூடும். சாலை தோண்டும் இயந்திரம் அதை அறுத்தால் இரண்டு சிம்மும் சேர்ந்தே அடங்கும். காட்டுத்தீயில் மின்சாரம் போனாலும் இதே கதை.

பூஸ்டரும் ஆன்டெனாவும்

பூஸ்டர் என்பது வெளி ஆன்டெனாவில் வாங்கிய சிக்னலைப் பெருக்கி உள்ளே ஒலிபரப்பும் கருவி. கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் 2013இல் இதற்கு விதி வகுத்தது. வண்டிகளுக்கான பூஸ்டரின் பெருக்கம் 50 டெசிபெலைத் தாண்டக் கூடாது, பயனர் தன் தொலைபேசி நிறுவனத்தில் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் போதிய இடைவெளி இல்லாமல் இருந்தால் கருவி தன் குரலையே கேட்டுக் குழம்பும். உடனே தன் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆர்.வி.யின் கூரை சிறியது என்பதால் இந்தத் தொல்லை அடிக்கடி வரும்.

இன்றைய 4ஜி, 5ஜி கருவிகள் ஒரே நேரத்தில் இரண்டு அல்லது நான்கு ஆன்டெனாக்களால் தனித்தனி ஓடைகளாகத் தரவை வாங்குகின்றன. சாதாரண பூஸ்டர் அதை ஒரே ஓடையாக்கிவிடும். அதனால் ஓரளவு சிக்னல் உள்ள இடத்தில் பூஸ்டர் போட்டால் கோடுகள் கூடும், வேகம் குறையும். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் பூஸ்டர் உதவும். டேட்டாவுக்கு, ரூட்டரிலேயே நேராகச் செருகும் பல்முனைக் கூரை ஆன்டெனாதான் பெரும்பாலும் நல்ல வழி. அதன் கேபிள் குட்டையாக இருப்பது அவசியம், ஏனெனில் அதிர்வெண் கூடக் கூட கேபிளிலேயே சிக்னல் கரையும். ஏர்ஸ்ட்ரீம் போன்ற அலுமினிய உடல் வண்டிகளுக்கு வெளி ஆன்டெனா கிட்டத்தட்டக் கட்டாயம். அழகான அந்த உலோகக் கூடு வானொலி அலைகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கதவுக்கு வெளியே இரண்டடி நடந்தால் கைப்பேசிக்கு உயிர் வரும்.

செயற்கைக்கோள்

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க், ஆர்.வி. வாழ்க்கையை மாற்றிப்போட்டது என்று சொன்னால் மிகையில்லை. 2022 மே மாதத்தில் ஆர்.வி.க்கென்றே தனிச் சேவை தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 30இல் ஓடும் வண்டியிலும் பயன்படுத்த ஆணையம் அனுமதி தந்தது. பின்னர் அந்தச் சேவையின் பெயர் ரோம் என்று மாறியது. இந்தச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில் சுற்றுவதால் தாமதம் சில பத்து மில்லிவிநாடிகள்தான். நெவாடாவின் 50ஆம் எண் நெடுஞ்சாலையில், டவரே தென்படாத நீண்ட பள்ளத்தாக்குகளிலும் காணொளிக் கூட்டத்தில் உட்கார முடிகிறது.

ஆனால் இதற்குத் திறந்த வானம் வேண்டும். பழைய டிஷ்காரர்கள் தெற்கு திறந்த இடத்தைத் தேடினார்கள். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் வடக்கு அட்சரேகை 53ஐ ஒட்டி அடர்ந்து பறப்பதால், அமெரிக்காவின் பெரும்பகுதியில் அதன் ஆன்டெனாத் தட்டு வடக்கு நோக்கிச் சாய்கிறது. இப்போது முகாமில் இடம் பிடிக்கிறவர் வடக்கே மரம் இருக்கிறதா என்று பார்க்கிறார். கைப்பேசியின் கேமராவை வானத்தை நோக்கிச் சுழற்றினால் எந்தக் கிளை எவ்வளவு மறைக்கிறது என்று ஸ்டார்லிங்க் செயலி காட்டிவிடும். ஒரே ஒரு கிளை மறைத்தாலும் படம் பார்க்கலாம், ஏனெனில் முன்கூட்டியே சேமித்த பகுதி ஓடிக்கொண்டிருக்கும். நேரலைப் பேச்சுதான் சில விநாடி உறையும், மீளும், மறுபடி உறையும். வட கலிஃபோர்னியாவின் செம்மரக் காடுகளில் தட்டு ஏறக்குறையப் பயனற்றது. அங்கே 700 மெகாஹெர்ட்ஸ் டவர் எட்டினால் அதுவே துணை.

டவருக்கு மரம் பெரிய தடையில்லை, தொலைவுதான் தடை. ஸ்டார்லிங்குக்குத் தொலைவு பொருட்டில்லை, மரமே தடை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது இதனால்தான் இரண்டு சிம்களைவிட வலுவானது. 2025 ஜூலை 24இல் உள்மென்பொருள் கோளாறால் ஸ்டார்லிங்க் உலகெங்கும் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது. அப்போது தட்டை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு வானம் திறந்திருந்தும் பயனில்லை.

முகாம் வைஃபை

கட்டண முகாம்களில் வைஃபை இலவசம் என்ற பலகை இருக்கும். காலையில் செய்தி படிக்க உதவும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முகாம் முழுக்க ஒரே இணைப்பில் படம் பார்க்கத் தொடங்கும்போது அதை நம்பக் கூடாது. நல்ல முகாம்களும் இருக்கின்றன; சமீப காலமாகச் சில இடங்களில் ஒவ்வொரு மனையிலும் கம்பி இணைப்பே தருகிறார்கள். பயண ரூட்டர் ஒன்று வைத்திருந்தால் உள்நுழைவுப் பக்கத்தில் ஒரே முறை பதிந்து, வண்டியிலுள்ள எல்லாக் கருவிகளையும் அதன் பின்னால் இணைக்கலாம்.

இணைத்தலும் மின்சாரமும்

பெப்லிங்க் போன்ற ரூட்டர்கள் டவர், தட்டு, முகாம் வைஃபை மூன்றையும் ஒன்றாகக் கையாளும். எளிய முறையில், ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்குத் தாவும். அந்தத் தாவலில் இணைய முகவரி மாறுவதால் நடந்துகொண்டிருக்கும் அழைப்பு அறுந்துவிடக்கூடும். பிணைப்பு முறையில் எல்லா வழிகளும் இணையத்தில் எங்கோ உள்ள ஒரு சர்வரில் போய்ச் சேர்ந்து ஒரே ஓடையாகின்றன. ஒரு வழி அறுந்தாலும் எதிரில் பேசுகிறவருக்குத் தெரியாது. நேர்காணல், நீதிமன்றக் காணொளி, இசை வகுப்பு என்று அறுபடவே கூடாத வேலை உள்ளவருக்கு அந்தக் கூடுதல் செலவு தகும். மற்றவர்களுக்குத் தாவலே போதும்.

மின்சாரத்தைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சாதாரண ஸ்டார்லிங்க் தட்டு 75 முதல் 100 வாட் இழுக்கும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-மணி. 75 வாட் என்று வைத்துக்கொண்டாலும் 17 மணி நேரத்தில் காலி, விளக்கும் குளிர்பெட்டியும் தனி. 2024இல் வந்த ஸ்டார்லிங்க் மினி ஏறத்தாழ 1.1 கிலோ எடை, 25 முதல் 40 வாட், வண்டியின் 12 வோல்ட்டிலேயே ஓடும். சோலாரை நம்பிப் பொது நிலத்தில் தங்குகிறவர்கள் வேகம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்று மினியை விரும்புவது இந்தக் கணக்கால்தான். இரவில் தட்டை அணைத்துவிட்டு, அவசர அழைப்புக்குக் கைப்பேசியை மட்டும் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

சிக்னல் இல்லாத இடங்கள்

போகும் இடத்தை முன்பே பார்த்துக்கொள்ள, தொடர்பு ஆணையம் 2022 நவம்பரில் வெளியிட்ட தேசிய அகலப்பட்டை வரைபடம் உதவும். ஆனால் கைப்பேசி எல்லைகள் நிறுவனங்களின் கணிப்பு மாதிரியிலிருந்து வருபவை. மலையின் மடிப்புகளில் அவை பிசகும்.

சில இடங்களில் சிக்னல் இல்லாதது திட்டமிட்டதே. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியைக் காக்க 1958இல் அமைந்த தேசிய வானொலி அமைதி மண்டலம் சுமார் 13,000 சதுர மைல் பரப்புடையது. தொலைநோக்கியை நெருங்க நெருங்கக் கட்டுப்பாடு இறுகும். அங்கே போகிறவர் வரைபடங்களைக் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டு, வீட்டாரிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மற்ற வெற்றிடங்களில் கைப்பேசியே நேராகச் செயற்கைக்கோளோடு பேசத் தொடங்கியிருக்கிறது. ஐபோன் 14 வகைகளில் 2022 நவம்பரில் அவசர உதவிச் செய்தி வசதி வந்தது. 2025 ஜூலை 23இல் டி-மொபைல், ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வழியாக டி-சாட்டிலைட் சேவையைத் தொடங்கியது; முதலில் குறுஞ்செய்திக்காக. இரண்டுக்குமே தலைக்கு மேல் திறந்த வானம் தேவை, எனவே உலோகக் கூரையின் கீழிருந்து வெளியே வந்துதான் செய்தி அனுப்ப வேண்டும்.