நடந்து வந்தவரிடம் புத்தகம் தரப்படாது



நம் கிளப் ஹவுஸ் அலமாரியின் இரவல் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். 'திருப்பிய தேதி' என்ற கட்டம் பாதிக்கு மேல் காலி. (பெயர்களைச் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள்!) இந்தத் தலைவலி 1200 ஆண்டுப் பழசு என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சில் ஃபெரியேர் என்ற ஊர் மடாலயத்தின் தலைவராக இருந்தவர் லூப்பஸ். அவருடைய கடிதங்களில் சுமார் 130 இன்றும் உள்ளன. பலவற்றில் ஒரே பேச்சுதான்: அந்தப் புத்தகம் உங்களிடம் இருக்கிறதா, அனுப்ப முடியுமா?

இளைஞராக ஜெர்மனியின் ஃபுல்டா மடாலயத்தில் படித்தபோதே அவர் இதைத் தொடங்கிவிட்டார். சார்லமேன் பேரரசரின் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்டின் புத்தகப் பட்டியல் அவர் கைக்குக் கிடைத்தது. நேரில் பழக்கமே இல்லாதவருக்கு, சுமார் 830-ல், தயங்கித் தயங்கி ஒரு கடிதம் எழுதினார். சிசரோ பேச்சுக்கலை பற்றி எழுதிய நூல் வேண்டும் என்பது கோரிக்கை. அந்த நூல் அவரிடம் ஏற்கெனவே இருந்தது! ஆனால் பிழை மலிந்த பிரதி. அங்கிருந்த இன்னொரு பிரதியோடு ஒப்பிட்டால், அது இன்னும் மோசம். அச்சு இல்லாத காலம் அது. நகல் எடுப்பவர் ஒரு வரியை விட்டுவிட்டால், அதைப் பார்த்து எழுதப்படும் எல்லாப் பிரதிகளிலும் அந்த வரி இருக்காது. நான்கைந்து பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் திருத்த முடியும். அதற்கு இரவலை விட்டால் வேறு வழியில்லை.

வாங்கியதைத் திருப்புவதிலும் சிக்கல்தான். ஐன்ஹார்டிடம் பெற்ற ஜெல்லியஸ் என்ற எழுத்தாளரின் நூலை உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை. 'எனக்கு இன்னும் நகல் எடுத்து முடியவில்லை' என்று ஃபுல்டா மடாலயத் தலைவர் பிடித்து வைத்துக்கொண்டாராம். 852 வாக்கில் இங்கிலாந்தின் யார்க் மடாலயத்திடம் கேட்டபோது லூப்பஸ் ஏற்பாட்டைத் தெளிவாகவே எழுதினார்: புத்தகங்கள் செயின்ட் ஜோஸில் உள்ள தம் கிளை மடத்துக்கு வரட்டும், அங்கே நகல் எடுத்ததும் சீக்கிரமே திரும்பிவிடும்.

மற்றவர்கள் கேட்டபோது அவரும் லேசில் கொடுத்துவிடவில்லை. ரீம்ஸ் பேராயர் ஹிங்க்மார் கேட்ட நூலை அனுப்ப அஞ்சினார். உடைக்குள் மறைக்கவும் முடியாது, பையிலும் அடங்காது, அவ்வளவு பெரியது. அழகைக் கண்டு வழிப்பறிக்காரர்கள் பறித்துக்கொண்டால் இருவருக்குமே இல்லாமல் போகும். இன்னொரு நண்பர் அனுப்பிய ஆள் நம்பிக்கையானவர்தான். ஆனால் கால்நடையாக வந்தவர் என்பதால் வெறுங்கையோடு திரும்பினார். கூரியர் வசதி இல்லாத காலத்தில் நியாயமான எச்சரிக்கை என்றுதான் எனக்குப் படுகிறது.

சிசரோவின் இன்னொரு நூலை லூப்பஸ் தம் கையாலேயே படியெடுத்தார். எழுத்து விடுபட்டதாகத் தோன்றிய இடங்களில், நல்ல பிரதி கிடைத்தால் நிரப்பலாம் என்று வெற்றிடம் விட்டுவைத்தார். பின்னாளில் போப்பாண்டவரிடமும் அதே நூலைக் கேட்டு எழுதினார். முழுமையான பிரதி இத்தாலியின் லோடி நகரில் வெளிப்பட்டது 1421-ல்தான். லூப்பஸ் எழுதிய ஏடு இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.