சிறுவர் பரம்பரை நோயறிதலில் மரபணுத்தொகுதி வாசிப்பு

குழந்தையின் டி.என்.ஏ.யிலுள்ள ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளை வரிசையாக வாசித்து, நோயை உண்டாக்கிய விகாரத்தைக் கண்டறியும் முறை. பிறந்தவுடன் வரும் வலிப்பு, தசைத் தளர்ச்சி, வளர்ச்சித் தாமதம் முதலியவற்றுக்குக் காரணம் புலப்படாதபோது பயன்படுகிறது.

வரலாறு

மனித நிறமூர்த்தங்கள் 46 என்பதை ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 1956இல் நிறுவினர். டவுண் கூட்டறிகுறியில் 21ஆம் நிறமூர்த்தம் மூன்றாக இருப்பது 1959இல் தெரியவந்தது. 1977இல் ஃபிரெடரிக் சாங்கர் டி.என்.ஏ. எழுத்துகளை வாசிக்கும் வழியைத் தந்தார். இலங்கையில் 1983இல் ரொஹான் ஜயசேகர கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவைத் தொடங்கினார். மனித மரபணுத்தொகுதித் திட்டம் 2003இல் நிறைவுற்றது. 2009இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில், கடும் குடல் அழற்சியால் பலமுறை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளான சிறுவன் ஒருவனிடம் எக்ஸ்.ஐ.ஏ.பி. மரபணுவில் விகாரம் இருப்பது தெரிந்தது. தொடர்ந்து செய்த தொப்புள்கொடிக் குருதி மாற்று அவனைக் காப்பாற்றியது.

குடும்ப வரைபடம்

வாசிப்புக்கு முன் மூன்று தலைமுறை வரைபடம் வரையப்படும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவருக்கு நிறம் தீட்டல், உறவுத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு. இலங்கையின் வடக்கிலுள்ள உடுப்பிட்டி முதலிய வடமராட்சி ஊர்களில் மச்சான்–மச்சாள் திருமணம் நெடுங்கால வழக்கம் ஆதலால் இக்கோடு இங்கு முக்கியமானது. ஒரே பாட்டன், பாட்டியிடமிருந்து வந்த பின்னிடைவான விகாரத்தைத் தாய், தந்தை இருவரும் காவினால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்புண்டு. இதற்காகப் பெற்றோரைக் குறைசொல்ல இடமில்லை. உறவில் மணம் முடிக்காதவர்களும் இத்தகைய விகாரங்களைக் காவுகின்றனர்.

முறை

பிள்ளை, தாய், தந்தை மூவரிடமும் ஊதா மூடியிட்ட குழாய்களில் சில மில்லிலீற்றர் குருதி எடுத்து ஒப்பிடுவர். மரபணுக்களின் புரதக் குறிப்பை மட்டும் வாசிக்கும் எக்சோம் முறை செலவு குறைந்தது. அதுவும் முழு வாசிப்பும் முறையான பரிசோதனைகளே. ஒப்பீட்டுக்குச் சொந்த மக்களின் தரவு வேண்டும். ஐரோப்பியரிடம் அரிதாயுள்ள மாற்றம் ஈழத்தமிழரிடம் சாதாரணமாக இருக்கலாம். அதை நோயின் காரணமென்று கொள்வது பெருந்தவறு. ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் 2015இல் வெளியிட்ட 2504 பேரின் தரவில், பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் அடங்குவர்.

இன்றைய நிலை

இங்கிலாந்து 2022 முதல் கடும் நோயுற்ற குழந்தைகளுக்கு விரைவு வாசிப்பை வழங்குகிறது; இலங்கையில் இத்துறை கொழும்பை மையமாகக் கொண்டுள்ளது.