சீட்டுக்கட்டின் கதை: ஊமையாட்டம் பேசத் தொடங்கியது

நால்வர் எதிரும் புதிருமாக அமர்ந்து, எதிரே இருப்பவரைக் கூட்டாளியாகக் கொண்டு, தலைக்குப் பதின்மூன்று சீட்டு எடுத்து, இறங்கிய ஜாதியிலேயே இறங்கிப் பிடி சேர்க்கும் ஓர் ஆட்டத்தை இங்கிலீஷ்காரர்கள் ‘விஸ்ட்’ என்று வழங்கினார்கள். இன்று ‘பிரிட்ஜ்’ என்று பிரசித்தி பெற்றிருக்கும் ஆட்டத்துக்கு அதுவே மூதாதை.

விஸ்ட் ஓர் ஊமையாட்டம். துருப்பு இன்னதென்று எவரும் தீர்மானிப்பதில்லை. பகிர்ந்தவர் தமக்கு விழும் கடைசிச் சீட்டைத் திருப்பிக் காட்டுவார், அது எந்த ஜாதியோ அதுவே துருப்பு. தம் கையிலிருப்பதைப் பற்றிக் கூட்டாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்லை. லண்டனில் கனவான்களுக்கு இந்த ஆட்டத்தைப் போதித்துவந்த எட்மண்ட் ஹாய்ல் 1742-இல் அதற்கு ஒரு சிறு நூல் எழுதினார். பின்னர் 1862-இல், ‘காவெண்டிஷ்’ என்ற புனைபெயரில் ஹென்றி ஜோன்ஸ் என்ற வைத்தியர் ஒரு பெரிய சாஸ்திரமே வகுத்து, முதலில் இறக்கும் சீட்டைக் கொண்டே கூட்டாளிக்குச் செய்தி சொல்லும் முறைகளைப் பரப்பினார். வாய் திறக்கக் கூடாதென்ற இடத்தில் மனிதன் சைகையைக் கண்டுபிடிக்காமல் இருப்பானா?

வாய்க்கட்டு முதன்முதலில் தளர்ந்தது ‘பிரிட்ஜ்’ வந்தபோதுதான். பாலம் என்ற பொருளுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. 1886-இல் லண்டனில் வெளிவந்த ஒரு சிறு பிரசுரம் இவ்வாட்டத்தை ‘பிரிச்’ என்றே குறிப்பிடுகிறது. இதில் பகிர்ந்தவரோ அவர் கூட்டாளியோ துருப்பைச் சொல்லலாம். கூட்டாளியின் சீட்டுகள் மேஜைமேல் விரித்து வைக்கப்படும். ஆனாலும் துருப்பைச் சொல்லும் உரிமை எதிராளிகளுக்கு இல்லை. அக்குறையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீங்கியது. நால்வரும் ஏலம் கேட்கலாம், அதிகம் கேட்டவருக்கே துருப்பு என்ற ‘ஆக்‌ஷன் பிரிட்ஜ்’ தோன்றிற்று. இந்தியாவில் எங்கோ ஒரு மூலையில், நான்காவது ஆள் அகப்படாமல் தவித்த இங்கிலீஷ் உத்தியோகஸ்தர் மூவர் இதைக் கற்பித்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது, கதையாகவே வைத்துக்கொள்வோம்.

ஏலத்திலும் ஒரு சோம்பல் இருந்தது. குறைவாகக் கேட்டு அதிகம் பிடித்தாலும் முழுப் பலனும் கிடைத்ததால், துணிந்து கேட்பதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. கேட்ட அளவுதான் ஆட்டக் கணக்கில் சேரும் என்ற நிபந்தனை பிரான்ஸில் ‘பிளாஃபோன்’ என்ற ஆட்டத்தில் முன்பே உண்டு. அதற்கு ஒரு சீரான கணக்கு முறை அமைத்த பெருமை, பெரும் தனவந்தரும் பாய்மரப் படகோட்டியுமான ஹரால்ட் வாண்டர்பில்ட்டைச் சேரும். 1925 நவம்பர் 1 அன்று, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பனாமா கால்வாய் வழியே ஹவானா செல்லும் ‘ஃபின்லாண்ட்’ என்ற கப்பலில், நண்பர்கள் மூவரை உட்கார்த்திவைத்துத் தம் புதிய பட்டியலைப் பரீட்சித்துப் பார்த்தார். ஓர் ஆட்டம் வென்ற கட்சிக்கு அதன்பின் தோற்றால் அபராதம் கூடும் என்பது அதில் ஒரு விதி. அந்த நிலைக்குப் பெயர் அகப்படாமல் விழித்தபோது, உடன் பிரயாணம் செய்த ஓர் இளம்பெண் ‘வல்னரபிள்’ என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தாள். சொல் உலகெங்கும் நிலைத்தது. அவள் பெயரோ பிற்காலத்தில் வாண்டர்பில்ட்டுக்கே நினைவில்லை.

சில வருஷங்களுக்குள் இந்தப் புதிய ஆட்டமான ‘காண்ட்ராக்ட் பிரிட்ஜ்’ மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டது. அதற்கு ஆட்டத்தின் அழகு பாதிக் காரணமென்றால், ஈலி கல்பர்ட்ஸன் என்ற ஆட்டக்காரரின் விளம்பர சாமர்த்தியம் மறுபாதி என்பது என் அபிப்பிராயம். தம் ஏல முறையே சிறந்ததென்று சவால் விட்டு, 1931 டிசம்பரில் நியூயார்க்கில் ஸிட்னி லென்ஸ் என்ற மற்றோர் ஆட்டக்காரருடன் அவர் தொடங்கிய 150 ரப்பர் போட்டியைப் பத்திரிகைகள் யுத்தச் செய்தி போல் வெளியிட்டன. அடுத்த மாதம் போட்டி முடிந்தபோது கல்பர்ட்ஸன் 8,980 புள்ளிகள் முன்னால் இருந்தார். லென்ஸின் கூட்டாளி ஆஸ்வால்ட் ஜேக்கபி அதைப் பார்க்க மேஜையில் இல்லை. தம் ஆட்டத்தை லென்ஸ் குறை கூறியது பொறுக்காமல் அவர் நடுவிலேயே விலகிக்கொண்டுவிட்டார்.